பேட்டரி போட்ட சக்கி

லார்ஸ் கிளெவ்பெர்க் இயக்கி 2019 ஜூன் மாதம் வெளிவந்த ‘சைல்ட்ஸ் பிளே’, டாம் ஹாலண்ட் 1988-இல் அதே பெயரில் எடுத்த திகில் படத்தின் மறு ஆக்கம். கேரன் பார்க்ளே என்ற தாய், தனி ஆளாக வளர்க்கும் மகன் ஆண்டிக்கு ஒரு பொம்மை வாங்கித் தருகிறாள். பொம்மை கொலை செய்யத் தொடங்குகிறது. இரு படங்களுக்கும் பொதுவானது ஏறக்குறைய இவ்வளவுதான். பழைய படத்தில் சார்லஸ் லீ ரே என்ற கொலைகாரன், சிகாகோ நகரப் பொம்மைக் கடை ஒன்றில் உயிர் பிரியும் தறுவாயில் மந்திரம் ஓதிக் கூடுவிட்டுக் கூடு பாய்கிறான். புதிய படத்தில் மந்திரமும் இல்லை, ஆவியும் இல்லை. காஸ்லான் என்ற நிறுவனம் தயாரிக்கும் ‘படி’ பொம்மை, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளோடும் இணைந்து இயங்கும் மென்பொருள் பொம்மை. வேலையிலிருந்து விரட்டப்பட்ட வியட்நாம் தொழிற்சாலை ஊழியர் ஒருவர், ஆத்திரத்தில் ஒரே ஒரு பொம்மையின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை மட்டும் நீக்கிவிடுகிறார். அதுதான் ஆண்டியிடம் வந்து சேரும் சக்கி.

இந்த மாற்றத்தின் பெரும்பலன் படத்தின் முதல் பாதியில் தெரிகிறது. ஆண்டியும் நண்பர்களும் ‘டெக்சாஸ் செயின்சா மாசகர் 2’ படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் சக்கி திரையைப் பார்க்கிறது, சிறுவர்களின் முகங்களையும் பார்க்கிறது. பிறகு சமையலறைக் கத்தியோடு வந்து நிற்கிறது. அதற்கு வன்மம் எதுவும் இல்லை. கத்திக்குத்து ஆண்டியைச் சிரிக்கவைக்கும் என்று கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. தாயின் காதலன் ஷேன் மீது ஆண்டிக்கு உள்ள வெறுப்பையும் அது ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றுகிறது. சார்லஸ் லீ ரேயின் மேல் யாருக்கும் இரக்கம் வராது. இந்தச் சக்கியின் மேல் வருகிறது. மார்க் ஹாமிலின் குரல் அந்த இரக்கத்தைக் கடைசிவரை தாங்குகிறது. விளையாட்டு வாத்தியங்களையும் சேர்த்து பேர் மெக்ரீரி அமைத்த இசை அதற்குத் துணை.

இழப்பும் சிறியதல்ல. 1988 படத்தில் பொம்மையின் அட்டைப் பெட்டியைக் கேரன் தூக்கும்போது, உள்ளிருந்து பேட்டரிகள் கீழே விழுகின்றன. இத்தனை நாளும் பேட்டரி இல்லாமலேயே பொம்மை பேசியிருக்கிறது! அதைத் திருப்பி, முதுகு மூடியைத் திறந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக, ஹாலண்ட் அதுவரை சக்கியைப் பெரும்பாலும் மறைத்தே வைத்திருந்தார். சிறுவன் சொல்வது உண்மையா என்ற ஐயமே படத்தை நகர்த்தியது. பேட்டரியில் இயங்கும் சக்கிக்கு அந்தத் திடுக்கிடல் வாய்க்க வழியில்லை. கோளாறான பொம்மை என்பது பார்ப்பவருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பொம்மையின் முகமும் முதல் பார்வையிலேயே விகாரமாக இருப்பதால், குழந்தைகள் ஆசைப்பட்டு வாங்கும் பொருள் என்பதை நம்ப முடியவில்லை. பழைய ‘குட் கை’ பொம்மைக்கு அழகான முகம் இருந்தது. அது சிதைவதைப் பார்ப்பதில்தான் பயம் இருந்தது.

கதையின் ஆழமான பிழை வேறு. எல்லாக் கருவிகளையும் ஒரே நிறுவனத்தின் கையில் கொடுத்துவிட்ட வாழ்க்கையைப் படம் கண்டிக்க வருகிறது. குற்றத்தையோ ஒரு தனி ஊழியரின் பழிவாங்கலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தொடக்கக் காட்சியில் உயிரை மாய்த்துக்கொள்ளும் அவரைப் படம் பிறகு திரும்பிப் பார்ப்பதே இல்லை. கட்டுப்பாடுகள் சரியாக இருக்கும் பொம்மையே இதைச் செய்திருந்தால் கேள்வி நிறுவனத்தின் மேல் பாய்ந்திருக்கும். இறுதிக் கட்டத்தில், ‘படி 2’ வெளியீட்டுக்காகக் கடையில் கூடிய கூட்டத்தின்மேல் ட்ரோன்கள் பாய்கின்றன. ரத்தம் கூடுகிறது, கற்றுக்கொண்டு கெட்டுப்போன ஒரு பொம்மையின் கதை கைவிடப்படுகிறது.

சக்கியைப் படைத்த டான் மன்சினி இந்த முயற்சியில் பங்கேற்கவில்லை. முதல் படத்தின் உரிமை எம்.ஜி.எம். நிறுவனத்திடமும் தொடர்ச்சிப் படங்கள் யுனிவர்சலிடமும் இருந்ததால், அவரில்லாமலேயே மறு ஆக்கம் சாத்தியமாயிற்று. அவர் தம் பழைய சக்கியைப் பிராட் டூரிஃபின் குரலோடு 2021-இல் தொலைக்காட்சித் தொடராக்கினார். அது மூன்று பருவங்கள் ஓடியது. 2019 படத்துக்கு அடுத்த பாகம் வரவில்லை. ஆனாலும் அதன் முதல் பாதி, 1988 படத்துக்குத் தோன்றாத ஒரு பயத்தைக் கண்டுபிடித்திருக்கிறது; அந்த அளவில் இந்த மறு ஆக்கம் வீண்வேலை அல்ல.