முகம் காட்டாத வீனஸ்

கேசாதிபாதம் பாடுகிறவர்கள் கூந்தலிலிருந்து இறங்குவார்கள். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் தீட்டிய இந்த வீனஸிடம் அந்த வரிசை செல்லாது. லண்டன் நேஷனல் கேலரியில் அவள் நமக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கிறாள். கண் நேரே அந்த முதுகில்தான் போய் விழுகிறது. பின்னங்கழுத்தில் கிளம்பும் ஒரு கோடு தோளில் சற்றே தயங்கி, இடையில் சரிந்து, இடுப்பில் நிதானமாக ஏறி, பாதத்தை நோக்கி வழிகிறது. கோடு என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். கிட்டே போனால் கோடே கிடையாது. முத்தின் வெண்மையும் இளஞ்சிவப்பும் மெல்லிய சாம்பலும் ஒன்றில் ஒன்று கரைகிற இடம்தான், எட்ட நின்றால் அத்தனை தீர்க்கமான கோடாகிறது.

அந்த மேனிக்கு ஒளி கூட்டுவது அடியில் விரித்த கருஞ்சாம்பல் பட்டு. வரைந்த காலத்தில் அதில் ஊதாச் சாயல் இருந்ததாம். காலம் அதை வெளிற வைத்துவிட்டது. எனக்கு இந்தச் சாம்பலே பிடித்திருக்கிறது. அதன் மடிப்புகளைப் பாருங்கள். இடை குழைகிற இடத்தில் தாமும் குழைந்து, உடம்பின் வளைவுக்குப் பின்பாட்டுப் பாடுகின்றன. நகையில்லை, மலரில்லை. கூந்தலும் அள்ளி முடிந்த சாதாரணப் பழுப்புக் கொண்டைதான். சிறகு முளைத்த கியூபிட் மட்டும் அருகில் இல்லையென்றால் இவளைத் தேவதை என்று யார் சொல்வார்கள்?

மதவிசாரணை மன்றத்துக்கு அஞ்சிய அன்றைய ஸ்பெயினில் இப்படி ஒரு படம் அபூர்வம். வெலாஸ்கெஸின் பெண் நிர்வாண ஓவியங்களில் நமக்கு எஞ்சியிருப்பதும் இது ஒன்றே. 1647க்கும் 1651க்கும் இடையில் வரைந்திருக்கலாம் என்கிறார்கள். 1914 மார்ச்சில், வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன் இறைச்சி வெட்டும் கத்தியால் இந்த முதுகைக் கிழித்தார். செப்பனிட்ட கைகளை வணங்க வேண்டும்.

இனி கியூபிட் பிடித்திருக்கும் கண்ணாடிக்கு வாருங்கள். கருஞ்சட்டத்துக்குள் ஒரு முகம் தெரிகிறது; புகையில் எழுதியதுபோல் மங்கலாக. அவள் தன்னைத்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று முதலில் தோன்றும். ஆனால் அவள் முகம் நமக்குத் தெரிகிறதென்றால், அவள் கண்ணுக்குத் தெரிவது நாம்தானே! அவ்வளவு தொலைவில் இருக்கும் கண்ணாடிக்கு அந்த முகம் கொஞ்சம் பெரிதும்கூட. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது பிழை; எனக்கு அது ஓவியர் எடுத்துக்கொண்ட உரிமை. முதுகின் ஒவ்வொரு சாயலையும் அத்தனை பொறுமையாகச் செதுக்கியவர், முகத்தருகே வந்ததும் தூரிகையைத் தளர்த்திவிட்டார். கண் எது, இமை எது என்று பிரிக்க முடியவில்லை. எந்தப் பெண் என்று கேட்டால் அந்த மங்கல் பதில் சொல்லாது. கேட்கவும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

போகுமுன் கியூபிடின் கைகளையும் ஒருமுறை பாருங்கள். கண்ணாடிச் சட்டத்தின் மேல் மடங்கிக் கிடக்கின்றன அவை. விரல்களைக்கூட முழுசாக வரையவில்லை. அவற்றைச் சுற்றி ஒரு ரோஜா நிற ரிப்பன், யாரோ இப்போதுதான் அவிழ்த்துப் போட்டதுபோல், சட்டத்தைத் தழுவித் தொங்குகிறது.