பந்து கையில் இல்லாதபோது

நியூசிலாந்தின் கூடைப்பந்துக்கு வெளியுலகில் பெயர் வாங்கித் தந்தவர்களில் பலர், ஆக்லாந்தின் துறைமுகப் பாலத்துக்கு வடக்கே, நார்த் ஷோர் என்ற ஒரே வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். கிர்க் பென்னி, தாமஸ் அபர்கிராம்பி, ராப் லோ, ஜாக் சால்ட் ஆகியோர் வெஸ்ட்லேக் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். ஷான் மார்க்ஸும் ஐசக் ஃபோட்டுவும் ரங்கிடோடோ கல்லூரியில் படித்தார்கள். பெயரில்தான் கல்லூரி, அது பள்ளிக்கூடம். இவர்களில் பெரும்பாலோர் ரிங் அதிர டங்க் அடித்துப் பெயரெடுத்தவர்கள் அல்லர். பந்து கையில் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியதைப் பிசகாமல் செய்வதுதான் இவர்களின் தொழில் நுணுக்கம்.

நியூசிலாந்து ரக்பி நாடு. 1970 வரை அங்கே பாஸ்கெட்பால் என்றால் பெரும்பாலோருக்கு நினைவு வந்தது பெண்கள் ஆடும் நெட்பால்தான். அப்போது நெட்பாலுக்குப் பெயரே அதுதான். ஆண்களுக்கான தேசிய லீக் 1982-ல் தொடங்கியது. முதல் இரண்டு பட்டங்களையும் ஆக்லாந்து வென்றது. ஆனால் சில மாதங்களே நடக்கும் சிறிய லீக்கை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. தமிழ்நாட்டில் திறமையான கூடைப்பந்து ஆட்டக்காரர் வங்கியிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அந்த அணிக்கே ஆடிக் காலத்தை ஓட்டலாம். ஆக்லாந்துப் பையனுக்கு அப்படி ஒரு நிழல் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே நல்ல வழி, உதவித்தொகையோடு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போவது. வாசலைத் திறந்துவிட அங்கே யாராவது வேண்டும்.

அப்படி வந்து சேர்ந்தவர் டோனி பென்னட். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளி எறிதலில் 49.7 சதவீதம் என்ற சாதனையோடு வெளிவந்து, என்.பி.ஏ.யில் ஷார்லட் ஹார்னெட்ஸ் அணிக்கு மூன்று பருவங்கள் ஆடியவர். உடம்பு ஒத்துழைக்காமல் போனபின், 1990களின் பிற்பகுதியில் நார்த் ஷோர் வட்டாரத்தின் நார்த் ஹார்பர் அணிக்கு ஆட வந்தார். ஆட வந்தவர் அங்கேயே பயிற்சியாளரும் ஆனார். பின்னாளில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய பயிற்சியாளர்களில் ஒருவராக மதிக்கப்பட்டவர் தொழில் பழகியது ஆக்லாந்தின் ஒரு சிறிய அரங்கில்தான். அங்கே அவர் கண்ணில் பட்ட பள்ளி மாணவன் கிர்க் பென்னி. டோனியின் தந்தை டிக் பென்னட் அப்போது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். 1999-ல் பென்னி விஸ்கான்சினில் சேர்ந்தார்.

டிக் பென்னட் வகுத்த தடுப்பாட்டத்துக்குப் 'பேக் லைன்' என்று பெயர். ரிங்கிலிருந்து சுமார் 16 அடி தள்ளி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே, தரையில் வரையப்படாத ஒரு வளைவு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவரை ஒருவர் மட்டும் வெளியே போய் நெருக்குவார். மற்ற நால்வரும் அந்த வளைவுக்குள்ளேயே நிற்பார்கள். எதிரணிக்காரர் டிரிப்ளிங் செய்து உள்ளே புகப் பார்த்தால் எங்கே திரும்பினாலும் ஒரு மார்பு குறுக்கே நிற்கும். வெளியே பாஸ் போனால் அந்தப் பக்கத்துத் தடுப்பாளர், பந்து காற்றில் இருக்கும்போதே ஓடிப்போய்க் கையை உயர்த்தியிருக்க வேண்டும். பார்க்கச் சலிப்பூட்டும் ஆட்டம் என்று இதைக் குறைசொல்கிறவர்கள் உண்டு. பந்தை மட்டுமே பார்க்கிற கண்ணுக்கு அது நியாயமாகவே தோன்றும். ஐந்து பேரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் அரை அடி, ஓரடி என்று நகர்வதைக் கவனிக்கத் தொடங்கினால் சலிப்பு போய்விடும். 2000-ஆம் ஆண்டு இந்த ஆட்டத்தை வைத்தே விஸ்கான்சின் தேசியக் கல்லூரிப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தது. அரையிறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 53-41 என்று தோற்றது. தேசிய அரையிறுதியில் 53 புள்ளி ஒரு வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது என்பதே அந்தத் தடுப்பாட்டத்தின் பிடியைச் சொல்லும்.

பென்னி அந்த அணியின் முதலாண்டு மாணவர். தடுப்பாட்டப் பள்ளியில் படித்தாலும் அவர் அடிப்படையில் எறிபவர். அவரது எறிதலின் அழகு கையில் இல்லை, காலில் இருக்கிறது. தடுப்பாளரின் பாதையை மறித்து நிற்கும் சகாவை, அதாவது ஸ்கிரீனை, ஒட்டி, தோள் உரசும் நெருக்கத்தில் சுற்றி வருவார்; பந்து வந்து சேரும் முன்பே பாதங்கள் ரிங்கை நோக்கி நிலைகொண்டிருக்கும். பிடிப்பதும் எழும்புவதும் ஒரே அசைவு. தடுப்பாளர் ஸ்கிரீனைத் தாண்டி வந்து சேர்வதற்குள் பந்து மேலே போயிருக்கும். 2002, 2003 ஆண்டுகளில் விஸ்கான்சின் தான் ஆடும் பிக் டென் லீக்கின் பட்டம் வென்றது. இரண்டு ஆண்டும் அந்த லீக்கின் முதல் ஐவர் பட்டியலில் பென்னி இருந்தார். என்.பி.ஏ.யில் அவருக்குக் கிடைத்தவை ஒருசில ஆட்டங்கள்தான். ஆனால் 2010 உலகப் போட்டியில் ஆட்டத்துக்கு 24.7 புள்ளி எடுத்தார். அவருக்கு மேலே இருந்தவர் அர்ஜென்டினாவின் லூயிஸ் ஸ்கோலா ஒருவரே.

நாட்டு அணியின் உச்சம் அதற்கு எட்டு ஆண்டு முன்பே வந்துவிட்டது. ஆக்லாந்து அணிக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்துப் பட்டங்கள் வாங்கித் தந்த அமெரிக்கர் டாப் பால்ட்வின், 2001-ல் நாட்டு அணியைக் கொண்டு ஆஸ்திரேலியாவை வென்றார். அடுத்த ஆண்டு இண்டியானாபோலிஸ் உலகப் போட்டியில் காலிறுதியில் புவேர்ட்டோ ரிக்கோவை 65-63 என்று தாண்டி, நான்காம் இடம் பிடித்தது அணி. அந்தப் போட்டியின் சிறந்த ஐவராக நொவிட்ஸ்கி, ஜினோபிலி, போடிரோகா, யாவ் மிங் ஆகியோரோடு பெரோ கேமரனும் தேர்வானார். உயரத்தைவிட அகலத்தால் இடம் பிடிப்பவர், உள்ளே நின்றபடி வெளியே பாஸ் கொடுக்கத் தெரிந்தவர். 2017-ல் பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் நியூசிலாந்துக்காரர் அவர்.

ஆக்லாந்தில் ஆண்டு முழுவதும் ஆடிப் பிழைக்க வழி வந்தது 2003-ல். நியூசிலாந்து பிரேக்கர்ஸ் அணி ஆஸ்திரேலிய லீக்கில் சேர்ந்தது அந்த ஆண்டுதான். ஆண்ட்ரேய் லெமானிஸ் பயிற்சியில் 2011, 2012, 2013 என்று மூன்று பட்டங்கள் தொடர்ந்து வந்தன. சிட்னி கிங்ஸுக்கு அடுத்து இதைச் செய்த இரண்டாவது அணி இதுதான். 2015-ல் நான்காவது பட்டம். நான்கிலும் இருந்தவர் தாமஸ் அபர்கிராம்பி. டோனி பென்னட் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தபோது அவரிடம் போனவர். அங்கே ஆடும் நேரம் அதிகம் கிடைக்காமல் 2008-ல் ஊர் திரும்பினார். 2011 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. மொத்தத்தில் அந்த ஒரே அணிக்கு 400-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

பென்னட் பள்ளியின் முழு விளைச்சல் ஜாக் சால்ட். 6 அடி 10 அங்குல உயரம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டோனி பென்னட்டின் சென்டர். அவரது புள்ளிச் சராசரி எந்தப் பருவத்திலும் நான்கைத் தொடவில்லை. அவர் வேலையே வேறு. கைல் கை போன்ற எறிபவர்கள் ஓடிவரும் பாதையில் போய் நின்று, முழங்காலை மடித்து, மார்பில் கைகளைக் கட்டி, மோதலை வாங்கிக்கொள்வார். மோதல் முடிந்த கணமே அடுத்த ஸ்கிரீனுக்கு நகர்வார். தடுப்பாட்டத்தில், ஸ்கிரீனைச் சுற்றி வரும் கார்டின் முன்னால் பாய்ந்து நின்று, அவரை இரண்டடி பின்னுக்குத் தள்ளிவிட்டு, தன் ஆளிடம் ஓடித் திரும்புவார். அவ்வளவு பெரிய உடம்பு இத்தனை முறை முன்னும் பின்னும் ஓடுவது லேசான காரியம் இல்லை. இவை எதற்கும் புள்ளிப் பட்டியலில் கட்டம் கிடையாது. 2018 தேசியக் கல்லூரிப் போட்டியில் வர்ஜீனியா, 16-ஆம் நிலை அணியிடம் முதல் சுற்றிலேயே 74-54 என்று தோற்று நாட்டுக்கே வேடிக்கையானது. ஓராண்டு கழித்து அதே தடுப்பாட்டத்தோடு வந்து, இறுதி ஆட்டத்தில் டெக்சாஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்றது. முறையை மாற்றாமல் நின்ற பென்னட்டின் பிடிவாதம் பாராட்டத்தக்கது.

கணக்கில் வராத வேலையைச் செய்யும் குணத்தை நீண்ட தொழில்வாழ்க்கையாக மாற்றிக்கொண்டவர் ஷான் மார்க்ஸ். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து, 1998-ல் 44-ஆவது தேர்வாக என்.பி.ஏ.க்குள் நுழைந்த முதல் நியூசிலாந்துக்காரர். ஆறு அணிகள், ஆட்டத்துக்கு மூன்று புள்ளிக்கும் குறைவு. பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தவர், உட்கார்ந்த இடத்திலேயே பாடம் கற்றார் போலும். சான் அந்தோனியோ அணியில் 2005-ல் ஆட்டக்காரராகவும் 2014-ல் துணைப் பயிற்சியாளராகவும் பட்டம் கண்டு, 2016-ல் புரூக்ளின் நெட்ஸின் பொது மேலாளரானார்.

பெண்களும் அமெரிக்கக் கல்லூரிப் பாதையில்தான் போனார்கள். ஆக்லாந்தின் பெனினா டேவிட்சன் 2014 முதல் 2018 வரை பெர்க்லிக்கு ஆடினார். ஆண்கள் பக்கம் இப்போது எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. அமெரிக்கக் கல்லூரியைத் தவிர்த்த ஆர்.ஜே. ஹாம்ப்டன், பிரான்சின் உஸ்மான் தியெங், ரயான் ரூப்பெர் ஆகியோர் ஆளுக்கொரு பருவம் பிரேக்கர்ஸில் ஆடி, முறையே 24, 11, 43-ஆவது தேர்வுகளாக என்.பி.ஏ.க்குப் போனார்கள். ஓராண்டில் ஊர் மாறுகிறவர்களிடம் ஸ்கிரீன் வைக்கும் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அது அவர்கள் குற்றமும் இல்லை.

அபர்கிராம்பி 2024 தொடக்கத்தில் பிரேக்கர்ஸிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கையில், டோனி பென்னட்டும் வர்ஜீனியாவிலிருந்து விலகினார்.