வெம்மையும் நறும்புகையும்: பழந்தமிழ் நூல்களில் வானிலையும் மனித உடலும்

முன்னுரை

பழந்தமிழ் நூல்களைச் சுற்றுச்சூழல் நோக்கில் அணுகும் ஆய்வுகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. இவற்றுட் பல ஒரே வழியிற் செல்கின்றன. மரம், செடி, பறவை, விலங்கு ஆகியவற்றின் பெயர்கள் தொகுக்கப்படுகின்றன. ஐந்திணைப் பாகுபாடு விளக்கப்படுகிறது. பழந்தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்னும் முடிபு இறுதியில் தரப்படுகிறது. முடிபு ஆய்வுக்கு முன்னரே தெரிந்திருப்பதால், நூல்கள் அதற்கு மாறான செய்தி எதனையேனும் தருகின்றனவா என்னும் வினா எழுவதில்லை. குறிப்பாக, வெப்பமும் குளிரும் புகையும் உயிர்களின் உடலுக்குச் செய்யும் தீங்கினை இந்நூல்கள் பதிவு செய்துள்ள பாங்கு போதிய கவனம் பெறவில்லை.

சிலப்பதிகாரம், நெடுநல்வாடை, பட்டினப்பாலை ஆகிய மூன்று நூல்களிலும் இப்பதிவு அமைந்துள்ள முறையை ஆராய்வதும், 2010இல் அகமதாபாத் நகரம் எதிர்கொண்ட வெப்ப அலை, தில்லியின் குளிர்காலக் காற்று மாசு ஆகிய இரு நிகழ்வுகளோடு அதனை ஒப்புநோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்பொருளும் பின்புலமும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. ஆயினும் முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் ஒன்றைவிட மற்றொன்று முறையே சிறந்தது என்றும் அந்நூலே கூறுகிறது. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என இதற்கு உரை காண்பர். இக்கூற்றைப் பற்றிக்கொண்ட பிற்காலத் திறனாய்வு, முதற்பொருளை உரிப்பொருளுக்கு ஏற்ற பின்புலமாக மட்டும் கருதத் தலைப்பட்டது. பாலையின் வெம்மை தலைவியின் பிரிவுத்துயரைச் சுட்டும் குறியீடாக விளக்கப்பட்டது. வெயிலில் நடப்பவனுக்குக் கால் சுடும் என்ற நேர்ப்பொருள் நழுவவிடப்பட்டது.

வானிலையை இலக்கியத்தின் ஓரத்திற்குத் தள்ளும் இப்போக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமிதவ் கோஷ் 2016இல் வெளியிட்ட ‘தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்’ என்னும் நூலில், காலநிலை மாற்றத்தை நவீன நாவல் எதிர்கொள்ளத் தவறியதை விவாதிக்கிறார். 1978 மார்ச் 17 அன்று தில்லியில் வீசிய சுழற்காற்றில் தாம் சிக்கிய நிகழ்ச்சியை ஒரு நாவலிலும் பயன்படுத்த இயலாமற் போனதை அவர் சான்றாகக் காட்டுகிறார். நடக்கக்கூடியது எது என்பது குறித்து நாவல் வடிவம் கொண்டிருக்கும் எதிர்பார்ப்பே இதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. நாவலுக்கு அவர் கூறிய குறையைத் தமிழ்த் திறனாய்வுக்குப் பொருத்திப் பார்ப்பின் ஒரு வேறுபாடு புலனாகும். தமிழில் வானிலை நூல்களுக்குள் இருக்கிறது; அதனை வாசிக்கும் முறையே அதனைப் பின்புலமாக்கியது.

பாலை: நிலமா, நிலைமையா?

நானிலங்களுக்குத் தெய்வமும் நிலமும் வகுக்கும் தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. நண்பகலும் வேனிலும், உடன் பின்பனியும் அதற்கு உரிய பொழுதாகக் கூறப்படுகின்றன. எனவே இலக்கண நிலையில் பாலை என்பது முதன்மையாகப் பொழுது பற்றியது. இதனைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை மேலும் தெளிவாக்குகிறது. மதுரைக்குச் செல்லும் வழிகளைக் கோவலனுக்கு எடுத்துரைக்கும் மாங்காட்டு மறையோன், முல்லையும் குறிஞ்சியும் கதிரவன் கொடுமையால் தம் இயல்பு இழந்து, உயிர்களை நடுங்கச் செய்து, பாலை என்ற வடிவை அடைவதாகக் கூறுகிறான். பாலை நிலையான நிலப்பகுதியன்று. எந்நிலமும் வெம்மை மிகின் அடையக்கூடிய நிலைமை அது.

இப்பகுதி பல ஆய்வுகளில் எடுத்தாளப்படுவதே. ஆனால் அதனுடன் அமைந்த உவமை பெரும்பாலும் விடப்படுகிறது. அரசனும் அவன் வினைசெய்வாரும் முறை திறம்பிய காலத்துக் கெட்டழிந்த நாட்டினைப் போல என்பது அவ்வுவமை. வெம்மையால் நிலம் கெடுவதையும் ஆட்சியால் நாடு கெடுவதையும் இளங்கோவடிகள் ஒரே தொடரில் இணைக்கிறார். வெம்மைக்கு உவமையாகக் கொடுங்கோன்மை வருவதால், இயற்கை நிகழ்வாகத் தோன்றும் துயருக்கும் பொறுப்பு உண்டு என்னும் எண்ணம் அங்கே இடம்பெறுகிறது.

அடுத்து வரும் இரு காதைகளில் இவ்வெம்மை ஓர் உடலின்மேல் வந்து விழுகிறது. வேட்டுவ வரியின் தொடக்கத்தில் கண்ணகியின் அடி சிவக்கிறது. மூச்சு குறுகி, அடுத்தடுத்து எழுகிறது. ஐயை கோட்டத்தில் ஒதுங்கி அவள் இளைப்பாறுகிறாள். புறஞ்சேரி இறுத்த காதையில், பகல் வெயிலைக் கண்ணகி தாங்காள் என்பதால் இரவில் வழிச்செல்லத் துணிகின்றனர். ‘மென்மை மகளிர்’ என்னும் மரபின்பாற்பட்ட வருணனையாக மட்டும் இவை கொள்ளத்தக்கன அல்ல. வெப்பத்தால் உடல் தளரும்போது நிகழும் மாற்றமும், அதற்கு மனிதர் மேற்கொள்ளும் எளிய தற்காப்பும் இங்கே வரிசையாக அமைந்துள்ளன: நிழல், ஓய்வு, பயண நேர மாற்றம்.

2010 மே மாதத்தில் அகமதாபாத் நகரின் வெப்பநிலை 46.8 பாகை செல்சியசைத் தொட்டது. அம்மாதத்தில் வழக்கத்தினும் 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் எனப் பின்னர் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2009, 2011 ஆண்டுகளின் மே மாத இறப்புகளோடு ஒப்பிட்டு இவ்வெண்ணிக்கை பெறப்பட்டது. வெப்பம் இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்கி உயிரைப் பறிக்கும்போது, இறப்புக்குக் காரணமாக அவ்வுறுப்பின் நோயே பெரும்பாலும் எழுதப்படுகிறது; வெப்பம் எழுதப்படுவதில்லை. இந்நிகழ்வுக்குப் பின் 2013இல் அந்நகராட்சி தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவமனைகளின் ஆயத்தம், நண்பகல் வேலையைத் தவிர்த்தல் முதலியன அதன் கூறுகள். அந்நகர மருத்துவமனை ஒன்றில் மேல்தளத்தில் இருந்த பச்சிளங்குழந்தைப் பிரிவு கீழ்த்தளத்திற்கு மாற்றப்பட்டபின், வெப்பத்தால் பாதிக்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததும் பதிவாகியுள்ளது.

கணக்கீடு 1,344 என்னும் எண்ணைத் தருகிறது. அவ்வெண்ணுக்குள் இருக்கும் ஓர் உடலின் மூச்சினைத் தருவதில்லை. காப்பியம் ஒருத்தியின் மூச்சினைத் தருகிறது. நகரத்தின் இழப்பினை அதனால் எண்ண இயலாது. இவ்விரண்டும் ஒன்றையொன்று நிரப்புவன என்று கொள்வதே பொருத்தமாகும்.

நெடுநல்வாடை: ஒரு குளிர், பல உடல்கள்

நக்கீரரின் நெடுநல்வாடை அகமா, புறமா என்னும் விவாதமே அந்நூல் பற்றிய ஆய்வுகளில் பேரிடம் பெற்றுள்ளது. அந்நூலின் தொடக்கப் பகுதி வேறொரு வாசிப்பையும் வேண்டி நிற்கிறது. பெருமழையால் வெள்ளம் சூழ, கோவலர் தம் ஆநிரையை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். நீர்த்துளி உடலில் பட, கன்னம் நடுங்க, தீயில் கை காய்கின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்குகள் கூனுகின்றன, பறவைகள் வீழ்கின்றன, பால் உண்ண வரும் கன்றினைப் பசு உதைக்கிறது. பின்னர்க் காட்சி நகருக்குள் நகர்கிறது. அங்கே தென்றல் வரும் வேனிற் பள்ளியின் சாளரங்கள் தாழிடப்படுகின்றன. தண்ணீர் பருகுவாரில்லை, வாயகன்ற தடவில் இட்ட நெருப்பின் வெம்மையை இளையரும் முதியரும் துய்க்கின்றனர். இறுதியில் பாசறையில், புண்பட்ட வீரரைக் காண அரசன் வாடைக்காற்றில் நள்ளிரவில் நடக்கிறான்.

குளிர் ஒன்றே, அது சேரும் உடல்கள் வேறு. தொழில் காரணமாக வெளியில் நிற்பவர் கோவலர். கதவடைக்க இயன்றவர் நகர மாந்தர். வானிலையின் கடுமை அனைவருக்கும் பொதுவாயினும் அதன் தாக்கம் தொழிலையும் உறைவிடத்தையும் பொறுத்து மாறுபடும் என்பதை நக்கீரர் காட்சிகளின் வைப்பு முறையாலேயே உணர்த்தி விடுகிறார்.

தில்லியின் குளிர்காலத்தை இந்நூலோடு ஒப்பிடும்போது ஒரு முரண் தோன்றும். நெடுநல்வாடையில் காற்று வீசுவது துன்பம். தில்லியில் காற்று வீசாமை துன்பம். குளிர்ந்த காற்று தரையை ஒட்டித் தங்க, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமைகிறது. ஊர்திப்புகை, தொழிற்சாலைப் புகை, கட்டுமானத் தூசு, எரிக்கப்படும் குப்பை ஆகியவற்றின் துகள்கள் கலைய வழியின்றித் தேங்குகின்றன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்கப்படும் நெல்தாளின் புகையும் இதனுடன் சேர்கிறது. நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாப் 2009இல் இயற்றிய சட்டம் நெல் நடவைத் தள்ளிப்போட்டது. அதனால் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடைப்பட்ட நாட்கள் சுருங்கி, தாளை எரிப்பது உழவர்க்கு விரைவான வழியாயிற்று. ஒரு வளத்தைக் காக்கும் முயற்சி மற்றொன்றைக் கெடுப்பதற்கு இது தக்க சான்றாகும்.

இங்கும் கோவலரின் இடத்தில் நிற்போர் உளர். மிதிவண்டி ரிக்‌ஷா இழுப்போர், கட்டடத் தொழிலாளர், தெருவோர வணிகர், போக்குவரத்துக் காவலர் ஆகியோர் நாள் முழுதும் அக்காற்றையே உட்கொள்கின்றனர். சாளரத்தை அடைத்துக் காற்றுத் தூய்மிப்புக் கருவியை வைக்க இயன்றோர் வேறொரு காற்றை உட்கொள்கின்றனர்.

பட்டினப்பாலை: நறும்புகையை வெறுத்த குயில்

வெம்மைக்கும் குளிருக்கும் தமிழ்ச் செய்யுள் மரபில் உரிய திணையும் பொழுதும் உள்ளன. புகைக்கு அவ்வாறு இல்லை. அகிற்புகை, வேள்விப்புகை என அது பெரும்பாலும் மணத்தோடும் மங்கலத்தோடும் செல்வத்தோடும் சேர்த்தே பேசப்படுகிறது. புகை தீங்கு செய்யும் என்பதைக் கூறத் தனி மரபு உருவாகாமையால், அதனைக் கூறும் இடங்கள் கண்ணிற்படாது போயின. பட்டினப்பாலையில் அத்தகைய இரண்டு இடங்கள் உள்ளன.

உருத்திரங்கண்ணனார் சோணாட்டின் வளத்தைப் பாடும்போது கரும்பு ஆலைகளைக் குறிப்பிடுகிறார். கமழும் அவ்வாலைகளின் தீ வெம்மையால் அருகிலுள்ள நீர்வயலின் நெய்தற்பூ அழகு கெட்டு வாடுகிறது. பிறிதோரிடத்தில் காவிரிப்பூம்பட்டினத்துத் தவப்பள்ளிச் சோலையில் முனிவர் வேள்வித்தீ வளர்க்கின்றனர். அதன் நறும்புகையை வெறுத்த குயில்கள் தம் பெடையோடு அவ்விடம் நீங்கி, காளிகோட்டத்துப் புறாக்களோடு ஒதுங்கித் தங்குகின்றன.

இவ்விரு பகுதிகளும் சோழநாட்டு வளத்திற்கும் சமயப் பொறைக்கும் சான்றாகவே நெடுங்காலம் காட்டப்பட்டு வந்துள்ளன. அவ்வாசிப்பு தவறன்று, புலவர் நோக்கமும் பாராட்டே. ஆயினும் பாராட்டின் நடுவே புலவரின் கண் வாடிய பூவையும் விலகிய பறவையையும் விடவில்லை. மனிதருக்கு ‘நறும்புகை’யாக இருப்பது குயிலுக்கு அவ்வாறில்லை. ஆலை, வேள்வி ஆகிய இரண்டும் நூலிற் போற்றப்படும் செயல்கள். தீங்கு அப்போற்றத்தக்க செயல்களின் உடன்விளைவாகவே நேர்கிறது. காற்று மாசின் அடிப்படை இயல்பு இதுவே. தீமை செய்யும் எண்ணத்தோடு எவரும் காற்றைக் கெடுப்பதில்லை. சமைத்தல், ஊர்தி செலுத்துதல், மின்னாக்கம், உழவு ஆகிய தேவைகளே புகையைத் தருகின்றன.

2019ஆம் ஆண்டில் இந்தியாவில் காற்று மாசினால் நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ 16.7 லட்சம் என ‘லான்செட்’ குழும இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இதில் ஏறத்தாழ 6.1 லட்சம், விறகு, சாணவரட்டி முதலியன எரிவதால் வீட்டுக்குள் எழும் புகையைச் சார்ந்தது. அடுப்புப் புகையை இல்லறத்தின் அடையாளமாகக் கொண்டாடும் வாசிப்புகள் இவ்வெண்ணைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டின் எல்லை

இவ்வொப்பீட்டால் பழந்தமிழர் காற்று மாசினை அறிந்திருந்தனர் என்று முடிபு கூறுதல் பொருந்தாது. ஆலைத்தீயும் ஆவுதிப்புகையும் கண்ணுக்கும் மூக்குக்கும் புலனாவன. இன்று உடலை மிகுதியும் தாக்கும் பி.எம். 2.5 எனப்படும் துகள்கள் 2.5 மைக்ரோமீட்டரும் அதனினும் சிறியனவுமாம். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இவை நுரையீரலின் நுண்ணறைகளை அடைகின்றன. அவற்றுள் மிக நுண்ணியன குருதியிலும் கலக்கின்றன. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் நோய்கள் ஆகியவற்றுக்கு அவை காரணமாகின்றன. இவற்றின் ஆண்டுச் சராசரிக்கு இந்தியா 2009இல் வகுத்த வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 5 மைக்ரோகிராம். புலனுக்கு எட்டாத இத்தீங்கைப் புலனின்வழி இயங்கும் கவிதை எவ்வாறு சொல்லும் என்பது இன்றைய படைப்பாளர் முன் நிற்கும் வினா.

மற்றொரு வேறுபாடும் உண்டு. பட்டினப்பாலைக் குயிலுக்குப் பறந்து செல்ல வேறோர் இடம் இருந்தது. கண்ணகிக்கு நிலவு தண்மை தந்தது. இன்றைய நகரங்களில் காரையும் கற்சுவரும் பகல் வெப்பத்தைத் தேக்கி இரவில் வெளியிடுவதால் இரவும் தணிவதில்லை. கோடை வெயில் ஊர்திப்புகையிலுள்ள வளிமங்களோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குவதால் வெம்மையும் மாசும் ஒருங்கே மூச்சைத் தாக்குகின்றன. பழைய நூல்கள் காட்டும் புகலிடங்கள் குறைந்து வருகின்றன என்பதே இவ்வேறுபாட்டின் சாரம்.

முடிவுரை

பாலையை நிலைமையாகவும், அந்நிலைமையை முறைதிறம்பிய ஆட்சியோடு ஒப்பிட்டும் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஒரே வானிலை வெவ்வேறு உடல்களை வெவ்வேறு வகையில் வருத்துவதை நெடுநல்வாடை காட்டுகிறது. வளத்தின் உடன்விளைவாகப் புகை செய்யும் தீங்கினைப் பட்டினப்பாலை பாராட்டின் ஊடே பதிவு செய்கிறது. இம்மூன்று செய்திகளும் ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்னும் ஒற்றை முடிபுக்குள் அடங்குவன அல்ல.

உரிப்பொருளின் சிறப்பை இது குறைப்பதாகாது. பிரிந்தவனுக்காகத் தலைவி வருந்துவதற்கு அவன் செல்லும் வழியின் வெயில் மெய்யாகவே உயிர்க்கு ஊறு செய்யும் என்பதே காரணம். முதற்பொருளை மெய்யெனக் கொள்ளும்போதுதான் உரிப்பொருளும் முழுவலிமை பெறுகிறது. எனவே பெயர்களைத் தொகுப்பதோடு நில்லாமல், எவ்வானிலை, எவருடைய உடலில், எத்தகைய மாற்றத்தை விளைத்தது எனப் பாடல்தோறும் வினவுவது சுற்றுச்சூழல் திறனாய்வு அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். பெருங்கதை, மணிமேகலை, பிற்காலச் சிற்றிலக்கியங்கள் ஆகியன இவ்வகையில் மேலும் ஆராய்தற்குரியன.