மொறிஸ் மைனரின் நாலு அங்குலம்

மொறிஸ் மைனரின் பொனற்றின் நடுவே மட்டமான பட்டையொன்று ஓடும். 1948இல் கார் வெளிவருவதற்குச் சற்று முன், அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் மாதிரிக் காரை நீளவாட்டில் இரண்டாக வெட்டச் செய்து, பாதிகளை விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினார். பொனற்றின் பட்டையும் காரின் கொழுகொழுப்பான அழகும் அங்கிருந்து வந்தவைதான். முன்பே செய்துவைத்த பம்பர்களையும் நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டார்கள்.

இன்று பக்கத்தில் ஒரு ஆல்டோ 800 நின்றால், கணக்கில் ஆல்டோதான் வெல்லும். மைனர் 1000இன் 948 சிசி எஞ்சின் தந்தது ஏறத்தாழ 37 குதிரைவலு. ஆல்டோ 796 சிசியிலேயே 47ஐத் தொடுகிறது. தினமும் வேலைக்குப் போக நானும் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் போர்க்காலத்தில், பெற்றோல் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில், மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் சொல்லி மாளாது; என்றாலும் ஓடின. கணினி அளந்து எரிபொருளைப் பீச்சும் ஆல்டோவிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. மைனரின் பொனற்றைத் திறந்தால் காபரேற்றர், பிளக், டைனமோ எல்லாம் கைக்கெட்டும். பார்த்துப் பார்த்தே பழுது கண்டுபிடிக்கலாம். எனக்கு அது பெரிய மரியாதை.