கறுப்பு என்றால் சினம்

தமிழ் எம்.ஏ. படித்த யாரும் தொல்காப்பிய உரியியலைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. அதில் கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டு சொற்களுக்கும் தொல்காப்பியர் முதலில் சொல்கிற பொருள் நிறமல்ல. வெகுளி, அதாவது கோபம். நிறத்தைக் காட்டவும் இவை வரும் என்பதை அதற்கடுத்த நூற்பாவில்தான் சொல்கிறார். பரீட்சைக்குப் படித்தோம், எழுதினோம், விட்டுவிட்டோம். ஆனால் அந்தப் பழைய பொருள் நம் வாயிலிருந்து போய்விடவில்லை. 'அவன் இன்னும் மனசுல கறுவிக்கிட்டே இருக்கான்' என்று இன்றைக்கும் பேசுகிறோம். கறுவுதல் என்றால் ஆறாத கோபம். இதன் பக்கத்திலேயே இன்னொரு வழக்கையும் வைத்துப் பாருங்கள்: 'எல்லார் முன்னாடியும் கேட்டதுல அவ மூஞ்சி கறுத்துப்போச்சு.' இங்கே கோபம் இல்லை, அவமானம் இருக்கிறது. கோபத்தைச் சொன்ன சொல் அவமானத்தைச் சொல்லும் சொல்லாக யாருக்கு ஆனது, எப்படி ஆனது என்பதுதான் என் கேள்வி.

பேச்சிலிருந்தே தொடங்கலாம். எங்கள் பக்கம், பூந்தமல்லியிலிருந்து ஆவடி, பட்டாபிராம் வரைக்கும், பொண்ணு பார்த்துவிட்டு வந்தவர்களிடம் 'பொண்ணு எப்பிடி?' என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான். 'நல்ல கலரு' என்பது ஒன்று. 'கொஞ்சம் கலர் கம்மி' என்பது இன்னொன்று. 'நெறமா இருக்கா' என்றாலும் இதே கணக்குதான். எந்தக் கலர் என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. கறுத்த பெண்ணுக்குக் கறுப்பு நிறம் என்றுகூட ஒத்துக்கொள்வதில்லை. அவளுக்கு நிறமே குறைச்சல் என்கிறார்கள். ஊர் என்றால் சேரியைச் சேர்க்காத ஊர் என்று ஆனதுபோல, நிறம் என்றால் கறுப்பைச் சேர்க்காத நிறம் என்று ஆகிவிட்டது. ஒருவரை நேராகத் திட்டினால் திருப்பித் திட்டலாம். பொதுச்சொல்லின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டால் யாரைத் திட்டுவது?

இது தமிழில் ஆதியிலிருந்தே இருந்த புத்தி என்று சொல்லிவிட முடியாது. சங்கப் பாட்டுகளில் தலைவியின் அழகுக்குப் பெயர் மாமை. மா என்றால் கருமை. மாமையை மாந்தளிர் நிறம் என்றும் உரைகாரர்கள் விளக்குவார்கள். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமை போய் உடம்பில் பசலை படர்கிறது. வெளுத்துப்போவது அங்கே அழகல்ல, நோவு. இந்த மா என்கிற எழுத்து இன்று எங்கே வந்து நிற்கிறது? கல்யாண விளம்பரத்தில் 'மாநிறம்' என்று வந்து நிற்கிறது. கறுப்பு என்று எழுத முடியாதவர்கள் ஒதுங்கிக்கொள்கிற இடம் அது.

'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா.' இதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த 'இருந்தாலும்' என்பதற்குள் இருக்கிற உம்மைதான் எனக்குத் தொண்டையில் முள். நன்னூல் வகுப்பில் இழிவு சிறப்பும்மை என்று ஒன்று நடத்துவார்கள். அதற்கு உரைநூல்களிலும் பாடப்புத்தகங்களிலும் வழிவழியாக வருகிற எடுத்துக்காட்டு, புலையன்கூட விரும்பாத உடம்பு என்ற பொருள் தருவது. இலக்கணத்தில் இழிவுக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால் கை தானாக நம் பக்கம்தான் நீள்கிறது. வகுப்பில் அந்த வரியை வாசித்துவிட்டு வாத்தியார் அடுத்த உம்மைக்குப் போய்விட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். நானும் எழுதிக்கொண்டேன். 'கறுப்பா இருந்தாலும்' என்பதில் வருவது இலக்கணப்படி வேறு உம்மையாக இருக்கலாம். செய்கிற வேலை ஒன்றுதான்.

நிறமும் சாதியும் வெளிப்படையாகவே கைகோத்து வருகிற இடம் ஒரு பழமொழி. 'கறுத்த பாப்பானையும் வெளுத்த பறையனையும் நம்பாதே' என்பார்கள். இதை இரண்டு பேரையும் சமமாகக் கிண்டல் செய்கிற வேடிக்கை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இது வேடிக்கை அல்ல, ஒரு காவல் சட்டம். பார்ப்பான் வெளுப்பாகத்தான் இருக்க வேண்டும், பறையன் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும்; மாறியிருந்தால் எங்கேயோ வேலி தாண்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படு. சந்தேகம் போய் விழுவது அவன்மேல் அல்ல, அவனைப் பெற்றவள்மேல். சாதி, நிறத்தைக் காட்டிக் கடைசியில் பெண்ணின் கர்ப்பத்தைத்தான் வேவு பார்க்கிறது.

ஆனால் தெருவில் இறங்கிப் பார்த்தால் இந்தக் கணக்கு எங்குமே நேராவதில்லை. ஆவடிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் போனபோது ஒரு வீட்டுக்காரர் 'எந்த ஊரு, எந்த ஏரியா?' என்று சுற்றிச்சுற்றிக் கேட்டுவிட்டு, 'உங்களப் பாத்தாலே தெரியுதும்மா, வேற எடம் பாருங்க' என்றார். மனுஷர் என்னைவிட இரண்டு மடங்கு கறுப்பு. அவர் கறுப்பை அவர் பார்த்ததே இல்லை. அவர் கறுத்தால் அது வெயில். நான் கறுத்தால் அது பிறப்பு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 2015இல் வந்த அதன் திருத்தமும், பொது இடத்தில் எங்களைச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்கியிருக்கின்றன. அதனால் சாதிப் பெயரின் வேலையை இப்போது 'ஏரியா', 'காலனி', 'பாத்தாலே தெரியுது' ஆகியவை பார்க்கின்றன. கறுப்பும் அந்த வரிசையில்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் நம் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பர் என்றால் தலித், வெள்ளையர் என்றால் ஆதிக்க சாதி என்று மேடையில் ஒரே வரியில் பிரித்துவிடுவது கைதட்டல் வாங்கும். அம்பேத்கர் அந்த வழியில் போகவில்லை. 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள் யார்?' நூலில், தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணம் என்ற கொள்கையை, மூக்கு அளவுகளை எடுத்துக்கொண்டே மறுத்தார். பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறுவேறு இனம் அல்ல என்பதே அவர் முடிவு. தோல் சாதியை உண்டாக்கவில்லை. சாதிதான் தோலுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தது. இதை விட்டுவிட்டுப் பேசினால் அந்தப் பழமொழியைத்தான் நாமும் வேறு ராகத்தில் பாடுவோம்.

சினிமாவுக்கு வருவோம். 2007இல் வந்த ஷங்கரின் 'சிவாஜி' கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கி நல்லது செய்கிறவனின் கதை. அதே படத்தில் கதாநாயகன் கதாநாயகிக்காகத் தன்னை வெளுப்பாக்கிக்கொள்ளப் படாத பாடு படுகிறான். ஒரு பாட்டில் கணினி வித்தையால் அவனை வெள்ளைக்காரனாகவே ஆக்கிக் காட்டினார்கள். இதே படத்தில்தான் இரண்டு பெண்களுக்கு முகத்தில் கறுப்பு மை அப்பி, அங்கவை, சங்கவை என்று பாரி மகளிரின் பெயரை வைத்து, பார்க்கிறவர்கள் ஓடுகிற மாதிரி நிற்கவைத்தார்கள். பணம், ஆண், பெண் என்று மூன்று கறுப்பு இந்தப் படத்தில் வருகிறது. பணத்தை வெள்ளையாக்க வழி உண்டு. ஆணை வெளுக்கவைக்கக் கம்ப்யூட்டர் உண்டு. கறுத்த பெண்ணுக்கு மட்டும் கதையில் வழியில்லை, அவள் சிரிப்புக்கு. 1975இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. டப்பாவின்மேல் இருந்து போன சொல் 'நல்ல கலரு' என்கிற வாயிலிருந்து போகவில்லை.

இதற்கு எதிராகத் தமிழகத்தில் கறுப்பைத் தூக்கிப்பிடித்த வரலாறும் உண்டு. 1946இல் மதுரையில் கருஞ்சட்டைப் படை மாநாடு நடந்தது. பெரியார் கறுப்பைத் தேர்ந்தெடுத்தது அது அழகு என்பதற்காக அல்ல. சூத்திரன் என்கிற இழிவின் அடையாளம் கறுப்பு. அதைப் போக்கும் முயற்சியின் அடையாளம் சிவப்பு. இழிவை மறைக்காமல் சட்டையாகப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது அது கோபமாக மாறியது. தொல்காப்பியர் சொன்ன பொருள் அங்கே திரும்பி வந்தது என்றே சொல்வேன். ஆனாலும் சட்டையைக் கழற்றலாம். கழற்றிவிட்டு ஊர்த்தெரு வீட்டுக்குள் போய்விட முடிந்தவர்களுக்கும், தோலையே பார்த்து வீடு மறுக்கப்படுகிறவர்களுக்கும் கறுப்பு ஒன்றாக இருக்க முடியாது.

2018இல் இரண்டு படங்கள் வந்தன. பா. ரஞ்சித்தின் 'காலா'வில் கறுப்பு உடுத்தியவன் நாயகன், வெள்ளை உடுத்தியவன் வில்லன். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமா'ளில் கருப்பி என்கிற நாய் தண்டவாளத்தில் கட்டிவைத்துக் கொல்லப்படுகிறாள். படம் முழுக்க அவள்தான் கூட வருகிறாள். 'காலா' கறுப்பை உழைப்போடு சேர்த்துப் பேசியது. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளிலும் பூந்தமல்லிப் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அது இனிக்கத்தான் செய்யும். எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. 'வெயில்ல நின்னு கறுத்துட்டோம்' என்று சொல்வதில், நிழலில் இருந்திருந்தால் வெளுப்பாக இருந்திருப்போம் என்கிற சாக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'பரியேறும் பெருமாள்' கறுப்புக்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. கருப்பி கருப்பியாகவே வருகிறாள். அங்கேதான் எனக்கு மூச்சு விட முடிகிறது.

நம் பக்கத்துத் தொழிற்சங்க மொழியிலும் ஒரு சொல் கிடக்கிறது. வேலைநிறுத்தத்தை உடைத்து உள்ளே போகிறவன் கருங்காலி. இங்கிலீஷிலும் அவனுக்குக் கறுப்புக் கால், பிளாக்லெக், என்றுதான் பெயர். கருங்காலி என்பது உலக்கை செய்கிற வைரம் பாய்ந்த மரம். அந்த மரத்தில் உருட்டிய மணிமாலை நடிகர்கள் கழுத்தில் ஏறிய பிறகு கடைகடையாக விற்கிறது. மரம் கறுப்பாக இருந்தால் நல்ல விலை. பெண் கறுப்பாக இருந்தால் கூடுதல் பவுன். கேட் மீட்டிங்கில் துரோகியைத் திட்ட வேண்டும்தான். அதற்குக் கறுப்பு எதற்கு? துரோகி என்ற சொல்லுக்கு என்ன குறை?

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கருக்கு என்பது பனைமட்டையின் ரம்பம் போன்ற ஓரம். கையை அறுக்கும். கரு என்றால் தொடக்கம், உள்ளே வளர்வது. அந்த ஒரு தலைப்பில் அறுப்பதும் முளைப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. 'கறுப்பும் அழகுதான்' என்று அந்தப் புத்தகம் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. 'கறுப்பும்' என்று சொன்னால் அந்த உம்மை மறுபடியும் உள்ளே வந்துவிடும். எழுதுகிற தோழர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். கதையில் ஒரு கறுத்த பெண் வரும்போது 'இருந்தாலும்', 'ஆனாலும்' என்று எழுதக் கை போனால் அடித்துவிடுங்கள். அவள் கறுப்பாக இருக்கிறாள், முற்றுப்புள்ளி வையுங்கள். அடுத்த வாக்கியத்தில் அவள் கோபப்படட்டும். அந்தச் சொல்லுக்குத் தொல்காப்பியர் எழுதிவைத்த முதல் பொருள் அதுதான்.