ஆறில்லா ஊருக்கு நாகரிகம் இல்லையா?

'ஆற்றங்கரை நாகரிகங்கள்' என்ற பாடத்தை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். நைல், யூப்ரடீஸ்-டைக்ரிஸ், சிந்து, மஞ்சளாறு என நான்கு பெயர்கள். வெள்ளம் வண்டலைக் கொணர்ந்தது, விளைச்சல் மிகுந்தது, நகரம் எழுந்தது என ஒரு விளக்கம். தேர்வுக்கு இது போதும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ படிக்கும் மாணவர் இந்த அளவுகோலைத் தம் ஊரின்மீது வைத்துப் பார்த்தால், அங்கே சொல்லத்தக்க பழமை ஏதும் இல்லை என்றே முடிவு செய்வார். பிழை ஊரிலா, அளவுகோலிலா?

அந்த அளவுகோலை வகுத்தவர்களுள் முதன்மையானவர் கோர்டன் சைல்டு. 'நகரப் புரட்சி' என்ற தம் 1950ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் பத்து அடையாளங்களைக் குறித்தார். உபரி விளைச்சல், முழுநேரக் கைவினைஞர், பெருங்கட்டடங்கள், எழுத்து, தொலைதூர வாணிகம் ஆகியன அவற்றுள் சில. பயனுள்ள பட்டியல்தான், ஆனால் பட்டியல் விளக்கம் ஆகிவிடாது. பெரு நாட்டு இன்காக்கள் எழுத்தின்றியே பேரரசை நடத்தினர். கணக்கைக் கயிற்று முடிச்சுகளில் வைத்தனர். சிந்துவெளியில் அரண்மனை என்று ஐயமின்றிச் சுட்டத்தக்க கட்டடம் இன்றுவரை கிடைக்கவில்லை. தோலாவிராவோ பேராற்றின் கரையிலேயே இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இரண்டு ஓடைகளின் நீரைத் தேக்கி வைத்தே அந்நகரம் வாழ்ந்தது.

இன்னொரு கருத்து இதைவிடத் துணிச்சலானது. பெரிய பாசனத்துக்குப் பெருந்தொகையான உழைப்பு வேண்டும். அதை ஏவ வலிய மைய அரசு வேண்டும். ஆகவே நீரே கொடுங்கோலை ஈன்றது என்று விட்ஃபோகல் 1957இல் எழுதினார். ராபர்ட் ஆடம்ஸ் மெசொப்பொத்தேமியாவில் பழைய கால்வாய்களின் தடங்களை ஆராய்ந்தபோது கண்டது வேறு. அங்கே தொடக்கப் பாசனம் சிறிய அளவினது. பெருங்கால்வாய்கள் அரசுகள் தோன்றிய பின்னரே வந்தன.

இனி நம் பகுதிக்கு வருவோம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. எனவே இங்குள்ளோர் சரிவான நிலத்தில் கரை எழுப்பி மழைநீரைத் தேக்கினர். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நீர் கீழ் ஏரிக்குச் செல்லும். வயலுக்கு வேண்டியதை மதகு விடும். இதை நடத்தியவர் யார்? ஒரகடத்துக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, விடை கூறுகின்றன. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் அங்கே இருந்தது. இதை மக்களாட்சி என்று கொண்டாடுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும்! அது பிராமணர் ஊர்ச்சபை. நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடையவர்க்கே ஓலையில் இடம். ஆயினும் ஏரியை ஊரே பேணியது என்ற செய்தி விட்ஃபோகலின் கருத்தோடு பொருந்தவில்லை.

பழமையும் குறைவில்லை. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். 2022இல் ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகள் வெளிப்பட்டன.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியபின் இவ்வட்டாரம் முழுவதும் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றுக்காக நிலத்தைச் சமன் செய்யும்போது முதலில் மறைவது மேற்பரப்பில் கிடக்கும் கல்லும் ஓடுமே. பேராற்றையும் பெருநகரையும் மட்டும் தேடப் பழகிய கண்ணுக்கு அவை வெறும் சல்லி. வரத்துக்கால் வெறும் பள்ளம். ஒரு பாடநூல் சொல்லால் விளையும் இழப்பு இதுதான்.

அண்மைக்காலமாகக் கீழடிக்கு 'வைகைக்கரை நாகரிகம்' என்றும், ஆதிச்சநல்லூர், சிவகளைக்குப் 'பொருநை நாகரிகம்' என்றும் பெயர் வழங்குகிறோம். பெருமைக்குரிய இடங்களே. ஆனால் பழைய அச்சிலேயே புதிய பெயரை வார்த்தால், ஆறில்லாத ஊர்கள் மீண்டும் வெளியே நிற்கும். 'நீரை எங்கே பெற்றார்கள்?' என்பதோடு 'எப்படிப் பங்கிட்டார்கள்?' என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு உங்கள் ஊர் ஏரிக்கரையிலேயே சான்று இருக்கக்கூடும். மதகுக் கல்லில் எழுத்து உண்டா என்று அடுத்த விடுமுறையில் பாருங்கள்.