டிங்கோ: பின்வாங்கத் தெரிந்த யுத்த வாகனம்

ஆயுதங்கள் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஒரே பாணியில் எழுதப்படுகின்றன. கவசத்தின் தடிப்பு, துப்பாக்கியின் விட்டம், எஞ்சினின் குதிரைவலு, கட்டப்பட்ட எண்ணிக்கை. இந்த அட்டவணைக்குள் அடங்காத எதையும் அவை காண்பதில்லை. யுத்தத்தைப் பற்றி ஓயாமல் எழுதும் நமது சஞ்சிகைகளோ இதற்கு நேரெதிர்: கருத்துநிலை பற்றிப் பேசுவோம், கருவியைத் தொடமாட்டோம். ஒரு யுத்தக் கருவியையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்பதே என் எண்ணம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் படைகள் பாவித்த டிங்கோ என்னும் சிறிய கவச வேவு வாகனம்.

1938இல் பிரித்தானிய யுத்த அமைச்சு இத்தகைய வாகனமொன்றைக் கேட்டபோது அல்விஸ், மொறிஸ், பி.எஸ்.ஏ. ஆகிய மூன்று நிறுவனங்கள் மாதிரிகளைக் கொடுத்தன. தெரிவானது பி.எஸ்.ஏ.யின் மாதிரி. அதனைக் கட்டியது அக்குழுமத்தைச் சேர்ந்த கொவென்றி நகரத்து டெய்ம்லர் நிறுவனம். டிங்கோ என்பது உண்மையில் தோற்றுப்போன அல்விஸ் மாதிரியின் பெயர். வென்றவனுக்குத் தோற்றவனின் பெயரே நிலைத்துவிட்டது.

யுத்தம் முடியும்வரை 6,626 வாகனங்கள் கட்டப்பட்டன. ஏறத்தாழ மூன்று தொன் பாரம், ஒன்றரை மீற்றர் உயரம், 55 குதிரைவலு. முன்புறக் கவசம் 30 மில்லிமீற்றர். உள்ளே இரண்டு பேர், ஒரு பிரென் துப்பாக்கி, ஒரு வானொலி. அட்டவணை இதோடு முடிகிறது. ஆனால் இந்த வாகனத்தின் உட்பொருள் அதன் கியர்ப்பெட்டியில் இருக்கிறது.

சாதாரண மோட்டார் வாகனத்தில் பின்னோக்கிச் செல்ல இருப்பது ஒரேயொரு கியர். டிங்கோவில் முன்னோக்கி ஐந்து, பின்னோக்கியும் ஐந்து. கியர்ப்பெட்டிக்கு அடுத்துள்ள பெட்டியில் திசையை மாற்றும் பற்சக்கர ஏற்பாடொன்று உண்டு. ஒரு நெம்பை மாற்றினால் ஐந்து கியர்களும் அப்படியே எதிர்த்திசைக்கு வேலைசெய்யும். வேண்டிய கியரை முன்னதாகவே தெரிந்து வைத்துவிட்டு, தருணம் வந்ததும் மிதியை அழுத்தினாற் போதும். சாரதியின் ஆசனம்கூடச் சற்றுச் சரிவாக, தோளுக்கு மேலால் பின்பக்கம் பார்க்க ஏற்றவாறு அமைக்கப்பட்டிருந்தது. பற்சக்கரம் வெட்டும் இயந்திரத்தின் முன் நாள்முழுதும் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படியான ஏற்பாடு மலிவாக வராது. மேலதிகப் பற்சக்கரங்கள், மேலதிக உழைப்பு. யுத்த அவசரத்திலும் அந்தச் செலவைச் செய்தார்கள். ஏன்?

வேவுக்காரன் கண்டது, அவன் திரும்பி வந்தால் அல்லது அதனைச் சொல்லும்வரை உயிரோடிருந்தால் மட்டுமே பயன்படும். எதிரியை எதிர்கொண்ட கணத்தில் வண்டியைத் திருப்ப நேரமில்லை. தடித்த கவசத்தை எதிரிக்குக் காட்டியபடி, வந்த வேகத்திலேயே பின்னால் ஓடிவிடவேண்டும். பின்வாங்கல் இங்கு இழிவல்ல. அது திட்டமிடப்பட்டு, செலவிடப்பட்டு, உருக்கில் வார்க்கப்பட்ட ஒன்று.

நமது மரபை நினைத்துப் பார்க்கிறேன். மகன் முதுகில் புண்பட்டிருந்தால் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறும் தாயைப் புறநானூற்றில் கற்பித்தோம். அதன் சமூகப் பின்னணியைக் கேள்விக்குட்படுத்தாமலே மேடைகளுக்கு எடுத்துச் சென்றோம். பிந்திய காலத்தில் திரும்பி வந்தவனுக்கு நாம் வைத்திருந்த சொற்கள் இரண்டே: கோழை, துரோகி. அவன் கண்டு வந்ததை எவரும் கேட்கவில்லை. புறமுதுகு என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து பின்கியர்களை எவராலும் வடிவமைத்திருக்க முடியாது.

இதனால் டிங்கோவை ஒரு சமாதான வாகனமாக்கிவிடக் கூடாது. திரும்பி வந்தவன் கொண்டுவந்த செய்தியை வைத்துத்தான் பீரங்கி குறிபார்த்தது. குறைகளும் இருந்தன. முதல் வடிவில் நான்கு சில்லுகளும் திரும்பின. அனுபவமற்ற சாரதிகளால் அதனைக் கட்டுப்படுத்த முடியாமற் போக, இரண்டாம் வடிவிலிருந்து முன்சில்லுகள் மட்டுமே திரும்பின. வரைபடம் கீறுபவர்கள் கைகளைக் கேட்பதில்லை என்பது எல்லாத் தொழிற்சாலைகளிலும் பழைய கதை. பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட வண்டிக்கு ஒரு கூரை வேறு. மூன்றாம் வடிவில் அதனையும் எடுத்துவிட்டார்கள். கனடாவின் வின்சர் நகரில் போர்ட் நிறுவனம் கட்டிய லிங்ஸ் இதன் உறவுமுறை. எஞ்சின் பலமானது, ஆனால் பாரமும் கூட. இத்தாலியின் லான்சியா நிறுவனமோ டிங்கோவைப் பார்த்தே லின்செயைக் கட்டியது.

ஆயுத நூல்கள் யுத்தத்துக்குப் பிந்திய காலத்தை ஒரு பந்தியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அதுதான் முக்கியம். 1950களில் டெய்ம்லர் இதே வடிவமைப்பிலிருந்து பெரற் என்ற வாகனத்தைக் கொண்டுவந்தது. மலாயா, சைப்பிரஸ், ஏடன், வட அயர்லாந்து என்று அது ஓடியது. இலங்கை இராணுவத்திடமும் அது இருந்தது. ஜேர்மன் தாங்கிகளுக்கு முன்னால் மெல்லியதாயிருந்த கவசம், கல்லும் துவக்கும் வைத்திருந்தவர்களுக்கு முன்னால் கோட்டையாயிற்று. வேவு ரோந்தாக மாறியது. பார்க்க வந்த வாகனம் தன்னைக் காட்ட வந்தது. டிங்கோவில் சாரதிக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த இரண்டாமவர், பெரற்றின் இரண்டாம் வடிவில் சுழலும் கோபுரத்துள் ஏறி இயந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் அமர்ந்தார். ஐந்து பின்கியர்களை மட்டும் டெய்ம்லர் அப்படியே விட்டுவைத்தது.